லிம்பெருக்கு ஆறு வயது முடிந்தது

கொச்சபம்பா,
ஆகஸ்ட் 24.

என் மூத்த மகள் சுல்மாவுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே மூச்சோடு இருக்கிறேன், கைவீக்கம் தவிர வேறு குறை இல்லை, உன் தங்கையும் தம்பியும் என்னைவிட நன்றாக இருக்கிறார்கள். நீயும் புவனோஸ் அய்ரெஸில் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்கு ஒரு வாயாவது சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கடிதமும் கம்பளிச் சட்டையும் போன வியாழன் வந்தன. சட்டை அளவாக இருக்கிறது. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டெலிபோனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் இங்கே பேசினால் பின்னால் வரிசையில் நிற்கிற பதினைந்து பெண்களும் சேர்ந்து கேட்பார்கள், நான் சொல்லப்போவது அவர்கள் காதுக்கு ஆனதில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ அழுதாலும் சரி திட்டினாலும் சரி. கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டாம். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகவும் வேண்டாம். அவர்கள் இப்போது என்னோடு ஜெயிலில் இல்லை. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி காலையில் நானே வெளியே அனுப்பிவிட்டேன், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல். யாரிடம் அனுப்பினேன், எப்படி அனுப்பினேன் என்பதைப் பொறுமையாகப் படி, நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

நீ ஊரைவிட்டுப் போய் ஒரு வருஷம் கழித்துத்தானே உங்கள் சித்தப்பன் கொடுத்த போதைப் பொட்டலத்தை மடியில் வைத்து பஸ்ஸில் வந்து நான் மாட்டிக்கொண்டேன், அதனால் இவர்கள் உள்ளே எப்படி வளர்ந்தார்கள் என்பது உனக்குத் தெரியாது. வந்தபோது யோசெலினுக்கு ஆறு, லிம்பெருக்கு மூன்று. ஒரு அறைக்கு ஆறு பெண்கள், ஒரு கட்டில் எங்கள் மூன்று பேருக்கு. முதல் மாதம் லிம்பெர் என் பாவாடையை விட்டுக் கையை எடுக்கவில்லை, நான் துணி துவைக்கிற தொட்டியடியிலும் அதைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நிற்பான். யோசெலினுக்குப் பள்ளிக்கூடம் வெளியே. காலை ஏழு மணிக்குப் பெரிய கதவைத் திறப்பார்கள், பிள்ளைகள் போகலாம், நாங்கள் தரையில் போட்ட மஞ்சள் கோடு வரைதான். முதல் நாள் அவள் தனியாகப் பெரிய சாலையைத் தாண்டினாள். எனக்குத் தெருவே தெரியாது, ஹாரன் சத்தம்தான் கேட்கும். ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்து மஞ்சள் கோடு வரைக்கும் போய்வந்தேன். மத்தியானம் திரும்பி வந்தவள், அம்மா, பச்சை விளக்கு வந்தாலும் நின்னு பாத்துட்டுத்தான் போகணும், ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெருமையாக இருந்தது. பக்கத்துக் கட்டில் ரெமேதியோஸிடம் போய், என் பொண்ணு சாமர்த்தியத்தைப் பாத்தியா என்று பீற்றிக்கொண்டேன். அந்த சாமர்த்தியம் என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

லிம்பெரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள், நான் கூலிக்குத் துவைத்த துணி மூட்டைகளை வீடுகளில் கொடுத்துவிட்டும் வந்தார்கள். மார்க்கெட்டுக்கு எந்த வேனில் ஏறணும், எங்கே இறங்கணும் என்று நான் முதலில் சொல்லி அனுப்புவேன். ஒரு நாள் அப்படிச் சொன்னபோது லிம்பெர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்த வேன் இப்ப அந்தப் பக்கம் போறதே இல்லம்மா, அங்க பாலம் கட்டிட்டாங்க, உனக்கு ஊரே தெரியலையே என்றான். யோசெலின் அவனை முழங்கையால் இடித்தாள், சும்மா இருடா, அம்மா பாவம் என்று. அவன் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை மகளே, அவள் பாவம் பார்த்ததுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது. அதற்கப்புறம் அவர்கள் என்னிடம் வழி கேட்பதை நிறுத்தினார்கள். பிறகு எது கேட்பதையும் நிறுத்தினார்கள். சளி பிடித்தால் யோசெலினே மருந்துக் கடைக்குப் போய்வந்தாள். சாப்பாட்டு வரிசையில் லிம்பெர் தன் தட்டைத் தானே நீட்டினான், என் தட்டையும் வாங்கிக்கொண்டு வந்து, நீ உக்காரும்மா என்றான். பார்க்கிறவர்களெல்லாம் கொடுத்துவைத்தவள் கசில்தா என்றார்கள். கொடுத்துவைத்தவள்தான். பசிக்கிறது என்று கூட என்னிடம் சொல்லத் தேவையில்லாத இரண்டு பிள்ளைகள்.

இந்த வருஷம் மே மாதம் அன்னையர் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வழக்கம்போல விழா. ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி, பாட்டு, ஒரு காகிதப் பூ, கடைசியில் அம்மாவும் பிள்ளையும் ஒரு ஆட்டம். போன வருஷம் யோசெலின் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லிச் சமாளித்தாள். இந்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் லிம்பெர் கட்டிலில் குதித்துக்கொண்டே உளறிவிட்டான், கூழம்மா சூப்பரா ஆடினா, டீச்சர்கூட கை தட்டினாங்க என்று. யார் அந்தக் கூழம்மா என்று கேட்டேன். பள்ளிக்கூட வாசலில் ஊதாச் சோளக் கூழும் எண்ணெய்ப் பலகாரமும் விற்கிறவள், ஃபோர்த்துனாத்தா என்று பேர், ஐம்பது வயது, புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. முந்தின நாள் யோசெலின் அவளிடம் போய், நாளைக்கு ஒரு அரை மணி நேரம் எங்க நாற்காலில உக்காருவீங்களா என்று கேட்டிருக்கிறாள். அவள் கூழ்ப்பானையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, நல்ல பாவாடை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். சுல்மா, நான் யோசெலினை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஏண்டி இப்படிப் பண்ணினே என்று மட்டும் கேட்டேன். அவள் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நாற்காலி காலியா இருந்துச்சு, நீ வர முடியாது, வேற என்னம்மா பண்றது என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்துக் குழாயில் பிடித்தேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். காகிதப் பூவைக் கேட்டேன். அது அவங்ககிட்ட இருக்கு, அவங்கதானே வந்தாங்க என்றாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஆறு மணிக்கு எங்களை எண்ணிக் கதவை மூடினார்கள், பிள்ளைகள் இரண்டு பேரும் வரவில்லை. நான் கம்பியைப் பிடித்து ஆட்டிக் கத்தினேன். கதவடியில் நின்ற சார்ஜென்ட்டம்மா, கத்தினா வந்துடுமா, காலைல வரும் போ என்றாள். அந்த ராத்திரியைப் பற்றி எழுத மாட்டேன். காலை ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தன, முகம் கழுவி, சட்டை மடிப்புக் கலையாமல். கூழம்மா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே லிம்பெர் தூங்கிவிட்டானாம், எழுப்ப மனசு வரவில்லையாம். யோசெலின் தலையில் இரண்டு பின்னலுக்குப் பதில் நாலு பின்னல், அவ்வளவு நெருக்கமாக எனக்குப் பின்ன வராது. நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவன் என் தோள்மேலாகப் பேசிக்கொண்டே இருந்தான். அங்க கதவை உள்ளேர்ந்தே திறக்கலாம்மா, நான் பத்து தடவை திறந்து திறந்து மூடினேன், கூழம்மா திட்டவே இல்ல என்றான். கதவென்றால் வேறு யாராவது வந்து திறக்கிறது என்றுதான் அந்தப் பிள்ளை அதுவரை நினைத்திருந்தது.

அதே மாதத்தில் இங்கே புது அதிகாரி அம்மா பொறுப்புக்கு வந்தாள். ஆறு வயது முடிந்த பிள்ளைகள் உள்ளே இருக்கக்கூடாது என்பது பழைய சட்டம்தான், யோசெலினை மூன்று வருஷமாகக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். இவள் பட்டியல் எடுத்தாள். லிம்பெருக்கு ஜூலை ஒன்பதாம் தேதி ஆறு முடிந்தது. ரெமேதியோஸ் ரொட்டியில் மெழுகுவத்தி குத்திக் கொடுத்தாள், அவன் ஊதி அணைத்தான், நான் பெரியவனாயிட்டேன் என்று அறை அறையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மறுநாள் காகிதத்தை என் கையில் கொடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் இரண்டு பேரையும் சொந்தக்காரரிடமோ விடுதியிலோ சேர்த்துவிட வேண்டும். அப்போது உனக்குத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். அதற்குள் அந்த ஃபோர்த்துனாத்தாவே என்னைப் பார்க்க மனு போட்டு வந்து நின்றாள். குட்டையான பொம்பளை, பெரிய தொப்பி, எண்ணெய் தெறித்த தழும்பு இரண்டு கையிலும். என் பிள்ளைங்க எவ தானியம் போட்டாலும் பின்னாடி போற கோழிக்குஞ்சு இல்ல என்று எடுத்த எடுப்பில் சொன்னேன். அவள் அசரவில்லை. குஞ்சு இல்லதான், ஆனா சாயங்காலமானா அடைய இடம் தேடுதுங்க, நான் உன்கிட்ட தயவு கேக்க வரலை, தேதி கேக்க வந்தேன் என்றாள். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன், பெறாத வயிறு என்றுகூடச் சொன்னேன். அதற்கும் அவள் எழுந்து போகவில்லை. திட்டி முடிச்சிட்டியா, இந்தா, ஆறிடும் என்று கொண்டுவந்த கூழைத் தகரக் குவளையில் ஊற்றி என் பக்கம் தள்ளினாள். குடித்தேன். நல்ல கூழ். அவளைச் சொந்தக்காரி என்று காகிதத்தில் எழுதிக்கொடுத்து, முப்பத்தொன்றாம் தேதி என்றேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வயதுச் சட்டத்தைக் கேள்விப்பட்டு, பிள்ளைகள் என் பிள்ளைகள், நான்தான் வளர்த்தேன், வெளியாளிடம் கொடுக்காதே என்று எழுதியிருக்கிறாய். நீதான் வளர்த்தாய், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகும். பதிமூன்று வயதில் யோசெலினை முதுகில் துணியால் கட்டினாய், பதினாறில் அவளை இறக்கிவிட்டு லிம்பெரைக் கட்டினாய், நான் மார்க்கெட்டே கதி என்று கிடந்தேன். பதினெட்டில் நீ போகும்போது எனக்கு எழுதிவைத்த சீட்டில் என் முதுகு வலிக்குது என்று மட்டும் இருந்தது. அந்தச் சீட்டை நான் தொலைக்கவில்லை. அப்படி ஓடியவள் இப்போது ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். அங்கே உனக்கு ஆள் இல்லை. அந்த எவெர் என்கிற பையன் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறான், மற்ற நாள் நீயும் தையல் மெஷினும்தான். உன் தனிமைக்கு இவர்களைக் கேட்கிறாய். கோபித்துக்கொள், ஆனால் கேள். நீ முன்பு அனுப்பிய போட்டோவைக் காட்டினேன், லிம்பெர் இது யாரு என்றான். யோசெலின் அக்கா என்றாள். எந்த அக்கா என்றான். நீ தாலாட்டின பிள்ளை இல்லை அது, அந்தப் பிள்ளை இப்போது எங்கேயும் இல்லை. அதோடு நீயேதானே எழுதியிருக்கிறாய், தையல் கூடத்துக் கதவை முதலாளி வெளியே பூட்டிக்கொண்டு போவான், இருபது பேர் மெஷினுக்குப் பின்னாலேயே பாய் விரிப்போம் என்று. ஒரு பூட்டிலிருந்து எடுத்து இன்னொரு பூட்டில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வேறு அறை பார்த்திருக்கிறேன் என்கிறாய், அப்படியானால் நல்லது, அதில் நீ இரு. உன் முதுகில் நான் இனி எதையும் கட்ட மாட்டேன்.

அனுப்பிய காலையைச் சொல்கிறேன். யோசெலின் தன் சாமான்களை முந்தின நாளே மடித்துவைத்துவிட்டாள், தம்பியுடையதையும். ஞாயித்துக்கிழமை வருவோம், நோட்டை எடுத்துட்டு வந்து காட்டறேன், நீ கைக்கு எண்ணெய் தேச்சுக்கோ என்றாள். ஒன்பது வயதுப் பெண் எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள். லிம்பெர் தினமும் போகிற மாதிரி துள்ளிக்கொண்டுதான் கதவு வரைக்கும் வந்தான். அங்கே அக்கா கையில் போர்வை மூட்டையைப் பார்த்தான். போர்வை எதுக்கு என்றான். யோசெலின் மூட்டையை மறு கைக்கு மாற்றினாள். புரிந்துவிட்டது அவனுக்கு. இரண்டு கையாலும் என் பாவாடையைப் பிடித்தான், மூன்று வயதில் பிடித்த மாதிரி. நான் பெரியவன் இல்லம்மா, சும்மா சொன்னேன், நான் சின்னவன்தான் என்றான். உடனே கீழே உட்கார்ந்து தன் பூட்ஸ் லேஸை இழுத்து அவிழ்த்தான், இரண்டு காலிலும். பாரு, எனக்கு லேஸ் கட்டத் தெரியாது, நீதான் கட்டிவிடணும் என்று காலை நீட்டினான். அவன் லேஸ் கட்டக் கற்றுக்கொண்டு ஒரு வருஷம் ஆயிற்று, சுல்மா, யாரையும் தொட விடமாட்டான். சார்ஜென்ட்டம்மா சீக்கிரம் சீக்கிரம் என்றாள், அப்புறம் அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குனிந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. குனியவில்லை. உனக்குத் தெரியும், கட்டிக்கிட்டுப் போ, கட்டில்ல உன் இடத்தை வேற குழந்தைக்குக் குடுத்தாச்சு என்றேன். பொய் இல்லை, புதிதாக வந்தவளின் கைக்குழந்தைக்கு அன்று மத்தியானமே கொடுத்தேன். அவன் என் முகத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு மஞ்சள் கோட்டின் மேல் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு காலாகக் கட்டினான், இரட்டை முடிச்சு, இழுத்துப் பார்த்துக்கொண்டான். எழுந்து அக்கா கையைக்கூடப் பிடிக்காமல் போனான். திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். கதவை மூடிவிட்டார்கள்.

முதல் ஞாயிறு வரவில்லை. அடுத்தது உர்குப்பிஞா மாதா திருவிழாக் கூட்டத்தில் கூழம்மாவால் வியாபாரத்தை விட முடியாது, அன்றும் வரவில்லை. போன ஞாயிறுதான் வந்தார்கள். பார்வையாளர் வரிசையில் நின்று, முன்கையில் முத்திரை குத்திக்கொண்டு, பெஞ்சில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஃபோர்த்துனாத்தா உள்ளே வரவில்லை, வெளியிலேயே நின்றாளாம், அந்த மரியாதை அவளிடம் இருக்கிறது. இரண்டு பேரும் சதை போட்டிருக்கிறார்கள். யோசெலின் கணக்கில் வகுப்பிலேயே முதல். லிம்பெர் காற்றாடி விடக் கற்றுக்கொண்டிருக்கிறான், கன்னம் காற்றில் வெடித்திருக்கிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சு ஓரத்தில், காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான். நீங்க சாப்பிட்டீங்களா என்று என்னைக் கேட்டான். எனக்கு முதலில் வேறு யாரையோ கேட்கிறான் என்று பட்டது. சாப்பிட்டேண்டா ராஜா என்றேன். உங்க கை வலி எப்படி இருக்கு என்றான். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவள் பழக்கியிருக்கிறாள், குற்றம் சொல்ல முடியாது, நல்ல பழக்கம், நான் சொல்லித்தராதது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. கூழம்மாவையும் நீங்க வாங்கன்னுதான் கூப்பிடுவியா என்று கேட்டேன். யோசெலின் அவனைப் பார்த்தாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லைங்க, அவ வீட்டு ஆளாச்சே என்றான்.

அவ்வளவுதான் மகளே விஷயம். ரெமேதியோஸ் உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள். இந்த மாதம் புழுதிக் காற்று அதிகம், துவைத்து உலர்த்தின துணியை மறுபடி அலச வேண்டியிருக்கிறது. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, கறுப்புத் துணியைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் தை. அந்த எவெர் நல்லவனாக இருந்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் சீக்கிரம் அனுப்பிவிடு, அவனுக்காகப் பிள்ளை மட்டும் அவசரப்பட்டுப் பெற்றுக்கொள்ளாதே. பிள்ளைகளுக்கு ஏதாவது அனுப்ப நினைத்தால் ஃபோர்த்துனாத்தா பேருக்கு, பள்ளிக்கூட வாசல் முகவரிக்கு அனுப்பு, இங்கே அனுப்பாதே, இங்கே அவர்கள் இல்லை. என்மேல் உனக்குள்ள கோபம் எனக்குப் பழையது, புதிதாக வருவதையும் தாங்கிக்கொள்வேன். உர்குப்பிஞா மாதா உன் முதுகையும் கண்ணையும் காக்கட்டும், யாரும் உன்னை உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டாத வீடு உனக்குக் கிடைக்கட்டும். என் ஆசீர்வாதத்துக்கு எவ்வளவு பலம் என்று தெரியாது, இருக்கிறதை முழுக்க உனக்கே தருகிறேன். மறக்காமல் ஒன்று: எப்போதாவது வர மனசு இருந்தால் என்னைப் பார்க்க மட்டும் வா. பார்வையாளர் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, அடையாள அட்டை வேண்டும், வரிசையில் முன்னால் நிற்க எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும்.

உங்கள் மூன்று பேரையும் பெற்றவள்,
கசில்தா வெய்சாகா